வயதுக்கோடும் பெற்றோர் தீர்ப்பும்: திரைப்பட வகைப்பாட்டின் வரலாற்றிலிருந்து

பதினான்கு வயதுப் பிள்ளை முதிர்ந்தோர்க்கெனக் குறிக்கப்பட்ட படமொன்றைப் பார்க்கலாமா என்னும் வினா வீட்டுக்குள் எழுகின்றது. அதற்கு விடையளிக்கும் உரிமை யாருக்குரியது என்பதோ சட்ட வரலாற்றோடு பிணைந்துள்ளது. அவ்வுரிமை அரசுக்கும் பெற்றோருக்கும் இடையே எவ்வாறு பகிரப்பட்டது என்பதை, தமிழ்ப் படங்கள் பிறக்கும் இந்தியாவையும் அவை திரையிடப்படும் சிங்கப்பூரையும் முன்வைத்து நோக்குவோம்.

இந்தியாவில் 1918ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தொடர்ந்து 1920இல் சென்னையில் தணிக்கைக் குழு அமைந்தது. பார்ப்போரின் வயதை அடிப்படையாகக் கொண்ட 'யு', 'ஏ' என்னும் பிரிவுகள் 1949ஆம் ஆண்டுத் திருத்தத்தின்வழி வந்தன. 1951இல் எம்.ஜி.ஆர். நடித்து வெளிவந்த 'மர்மயோகி' 'ஏ' சான்றிதழ் பெற்றது. அதிலுள்ள ஆவிக் காட்சிகளே அதற்குக் காரணம். இன்று அக்காட்சிகளைக் கண்டு அஞ்சும் சிறுவர் அரியர். முதிர்ச்சியின் அளவுகோல் காலந்தோறும் மாறுவது என்பதற்கு இது தக்க சான்றாகும். 1983இல் 'யுஏ' பிரிவு சேர்க்கப்பட்டபோது, 12 வயதுக்குட்பட்டோரைப் பற்றிய தீர்ப்பு பெற்றோர் கைக்கு வந்தது. 2023ஆம் ஆண்டுத் திருத்தம் அப்பிரிவை 7, 13, 16 என மூன்று வயதுப்படிகளாக வகுத்தது.

சிங்கப்பூரில் 1991 வரை வயதுவாரியான வகைப்பாடு இல்லை. ஒரு படம் அனுமதிக்கப்படும், வெட்டப்படும் அல்லது தடைசெய்யப்படும். அவ்வாண்டு ஜூலையில் 18 வயதை எல்லையாகக் கொண்ட பிரிவு அறிமுகமாயிற்று. செப்டம்பரிலேயே 21 வயதுக்குரிய 'ஆர்(ஏ)' அதன் இடத்தைப் பிடித்தது. 1993இல் 'என்சி16' பிரிவும், 2004இல் 'எம்18', 'ஆர்21' ஆகியவையும், 2011இல் 'பிஜி13' பிரிவும் வந்தன.

இவற்றுள் இருவேறு இயல்புகள் உள்ளமை கருதத்தக்கது. 'பிஜி13' அறிவுரை, பெற்றோர் தம் பிள்ளையை அறிந்து முடிவு செய்யலாம். 'என்சி16' முதலானவை தடை. பெற்றோர் உடன் வந்தாலும் வயது நிரம்பாத பிள்ளை திரையரங்கினுள் நுழைய இயலாது. ஆகவே, பதினான்கு வயதினரைப் பொறுத்தவரை, திரையரங்கில் பெற்றோர் தீர்ப்புக்கு இடமுள்ள எல்லை 'பிஜி13' பிரிவோடு முடிகின்றது.

இணையவழி ஒளிபரப்பு இவ்வெல்லையை மங்கச் செய்துள்ளது. வீட்டு வரவேற்பறையில் நுழைவுச்சீட்டைச் சரிபார்ப்பவர் இல்லை. பெற்றோர் இடும் பூட்டு உண்டு. அதைத் திறக்கும் இரகசிய எண்ணும் பெற்றோரிடமே உண்டு. திரையரங்க வாயிலில் அரசு ஏற்றிருந்த பொறுப்பு இங்கே மீண்டும் குடும்பத்தைச் சேர்கின்றது.

இந்நிலையில் வயதெண் ஒன்றே போதிய வழிகாட்டி ஆகாது. வன்முறையா, கடுமொழியா, பாலியல் காட்சியா என வகைப்பாட்டோடு தரப்படும் குறிப்புரையையும் நாம் படித்தல் வேண்டும். வகுப்பறையில் திரைக்காட்சியைப் பாடத்துணையாகக் கொள்ளும் தமிழாசிரியருக்கும் இது பொருந்தும். காட்சி மாசற்றதாயினும், அதைக் கண்ட மாணவர் முழுப்படத்தையும் தேடிச் செல்வர் என்பதை மறத்தலாகாது.

'மர்மயோகி' பெற்ற சான்றிதழ் அக்காலத்தின் அச்சத்தை நமக்குக் காட்டுகின்றது. இன்றைய குறியீடுகளும் நாளை அவ்வாறே வாசிக்கப்படலாம். சட்டம் வயதைக் கணக்கிடும். பிள்ளையின் மனத்தை அறிதல் பெற்றோர்க்கும் ஆசிரியர்க்குமே இயலும். படம் முடிந்தபின் பிள்ளையோடு அமர்ந்து பேசும் கடமையும் அவர்களுடையதே.