பினாங்கின் முதல் நகரத்தந்தை

கடல் கடந்து மலாயா சென்ற நம்மவர் தோட்டங்களில் உழைத்த வரலாறு யாவரும் அறிந்ததே. ஆயின், பள்ளி ஆசிரியராய் இருந்த டி. எஸ். இராமநாதன், பினாங்குத் தீவின் தலைநகராகிய ஜார்ஜ் டவுனுக்கு முதல் மேயரான வரலாற்றை அறிந்தார் சிலரே.

1951 டிசம்பரில் அந்நகர் தேர்தல் கண்டபோது, நகராட்சி மன்றத்தின் 15 இடங்களுள் 9 மட்டுமே மக்கள் வாக்குக்கு விடப்பட்டன. பின்னரே மன்றம் முழுதும் மக்களால் தேர்ந்தெடுக்கப்படலாயிற்று. 1957 சனவரி 1இல் ஊர் மாநகராயிற்று. தொழிற்கட்சியினரான இராமநாதன் மேயரானார். மலாயா விடுதலை பெற்றதோ அவ்வாண்டு ஆகஸ்டு 31இல்தான்! சீனர் மிகுந்த நகரில் இந்தியர் ஒருவர் தலைமையேற்றார் எனின், அவரை உயர்த்தியது இனத்தின் எண்ணிக்கையன்று, தேர்தல் அரசியலே. 1961 வரை அவர் அப்பொறுப்பில் இருந்தார்.

இந்தோனேசியப் பூசலைக் காரணம் காட்டி 1965இல் உள்ளாட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன; 1976ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றை அறவே ஒழித்தது.

அடுகோடியில் வாழும் நமக்கும் இவ்வரலாறு அயலானதன்று. 2020 செப்டம்பரில் பெங்களூர் மாநகராட்சி மன்றத்தின் காலம் முடிந்தபின், ஐந்தாண்டுகள் தேர்தலின்றியே கழிந்தன. வாக்குச்சாவடி திறவாத ஊரில் இன்னோர் ஆசிரியர் நகரத்தந்தையாவது எங்ஙனம்?