மூக்கில் சுழிகள் தாங்கிய விமானம்

1927 ஆம் ஆண்டு மே மாதம் 20 ஆம் திகதி காலை நியூயோர்க்கின் ரூஸ்வெல்ட் விமானத்தளத்திலிருந்து தனியொருவராகப் புறப்பட்ட சார்ள்ஸ் லிண்ட்பேர்க், 33 மணித்தியாலங்கள் 30 நிமிடங்கள் இடைவிடாது பறந்து மறுநாள் இரவு பாரிஸில் தரையிறங்கினார் என்பது பலரும் அறிந்த வரலாறு. ஆனால், அவரைச் சுமந்து சென்ற 'ஸ்பிரிட் ஒஃப் சென்ற் லூயிஸ்' விமானத்தின் மூக்கை மூடியிருந்த உலோகத் தகடுகளில் மீன் செதில்களைப் போன்று வரிசை வரிசையாக மின்னும் சுழிகளைப் பற்றி எவரும் அதிகம் பேசுவதில்லை.

அந்த விமானத்தில் எரிபொருளுக்கே முதலிடம். பாரத்தைக் குறைப்பதற்காக வானொலிக் கருவியையும் பரசூட்டையும் கூட லிண்ட்பேர்க் தவிர்த்துக்கொண்டார். விமானிக்கு முன்னால் பிரதான எரிபொருள் தாங்கி வைக்கப்பட்டதால் முன்பக்கக் கண்ணாடியும் இல்லை. இத்தனை கண்டிப்புக்கு மத்தியில் அலங்காரத்திற்கு எவ்வாறு இடம் கிடைத்தது என்ற கேள்வி எழுவது இயல்பே.

விடை எளிமையானது. இந்த அலங்காரத்திற்குப் பாரம் கிடையாது. சுழலும் தண்டொன்றின் நுனியை, அராவும் பசை பூசிய தகட்டில் ஒரு கணம் அழுத்தி எடுத்தால் நுண்ணிய வட்டக் கீறல்கள் விழும். பின்னர் வட்டத்தின் பாதியளவு நகர்த்தி மீண்டும் அழுத்த வேண்டும். ஒரு வரிசை முடிந்ததும் அடுத்த வரிசை அதன் மீது சற்றுப் படியுமாறு தொடரும். பார்ப்பவர் நகரும்போது ஒளியும் சேர்ந்து சுழல்வது போலத் தோன்றுவதற்கு அந்தக் கீறல்களே காரணம். இன்று வீட்டுப் பட்டறையில் துளையிடும் இயந்திரத்தைக் கொண்டு இதைச் செய்பவர்களும் அறிவார்கள்: ஒரு வட்டம் வழி தவறினாலும் முழு வரிசையும் அதைக் காட்டிக் கொடுத்துவிடும்.

கைக்கடிகாரங்களின் உட்தகடுகளிலும், புகாட்டி மோட்டார் கார்களிலும், 1936 இல் வெளிவந்த கோர்ட் 810 காரின் முன்பலகையிலும் இதே வேலைப்பாட்டைக் காணலாம். சிறு கீறல்களை மறைப்பதும் உருக்குப் பரப்பில் எண்ணெயைத் தேக்கி வைப்பதும் இதன் உபயோகங்கள்.

சான் டியேகோவிலிருந்த றயன் நிறுவனத்தினர் இந்த விமானத்தைச் சுமார் 60 நாட்களில் கட்டி முடித்தனர். இரவு பகலாக உழைத்த அவர்கள், சுழல்விசிறியின் மையத்தை மூடும் கூம்பின் உட்புறத்தில் தமது பெயர்களை எழுதி வைத்தனர். தமது பெயர்களாவது அத்திலாந்திக்கைக் கடக்கட்டும் என்ற ஆசையாக இருந்திருக்கலாம். ஆனால், விமானம் நியூயோர்க்கை அடைந்தபோது அந்தக் கூம்பில் வெடிப்பு காணப்பட்டது. அவசரமாக வேறொன்று செய்து பொருத்தப்பட்டது. பெயர்கள் கரையிலேயே நின்றுவிட்டன. சுழிகள் மட்டும் பாரிஸ் சென்றன.

பத்திரிகைத் தொழிலில் இருந்தவனுக்கு இதில் வியப்பில்லை. செய்தியாளனின் பெயர் அச்சில் வரும். ஈய எழுத்துக்களை ஒவ்வொன்றாகக் கோத்தவரின் பெயர் வருவதில்லை. 1928 முதல் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் வசமிருக்கும் அந்த விமானத்தைக் காண்போர் லிண்ட்பேர்க்கையே நினைப்பார்கள். அதில் தவறில்லை. ஆயினும், அதன் மூக்கிலுள்ள ஒவ்வொரு சுழியும் ஒரு தொழிலாளியின் கை ஒரு கணம் தங்கிச் சென்ற இடம். கையொப்பம் என்பது எழுத்தில்தான் இருக்கவேண்டும் என்பதில்லை.