சாட்சியை எண்ணுவதா, நிறுப்பதா?

கொலை வழக்கொன்றிலே கண்ணாற் கண்ட சாட்சி ஒருவரே எனின், அவர் சொல்லை மட்டும் நம்பி ஒரு மனிதனைத் தூக்குமேடைக்கு அனுப்பலாமா? நீதிமன்றங்கள் நெடுங்காலமாக விடை தேடிவந்த வினா இது.

பழைய உலகம் இதற்கு எண்ணிக்கையால் விடை கூறிற்று. இரண்டு அல்லது மூன்று சாட்சிகளின் வாக்கினாலேயே குற்றம் நிலைபெற வேண்டும் என்பது விவிலியத்தின் உபாகமம் வகுத்த விதி. ஒற்றைச் சாட்சி எத்துணை உயர்ந்த பதவியினராயினும் அவர் கூற்றை ஏற்றலாகாது என உரோமப் பேரரசன் கொன்ஸ்தந்தீன் கி.பி. 334இல் ஆணையிட்டான். பொய்ச் சாட்சிக்கு அஞ்சி எழுப்பிய வேலி அது. ஆனால், நள்ளிரவிற் கத்தியோடு வருபவன் இரண்டு பேர் பார்த்திருக்கும்வரை காத்திருப்பதில்லை. எண்ணிக்கையை வற்புறுத்தினால், மறைவிற் கொன்றவன் தப்பிவிடுவான்.

மறுபுறத்தில், சாட்சிகள் பலராயிருத்தல் மட்டும் உண்மைக்குக் காவலாகாது என்பதை இலண்டன் மாநகரில் நிகழ்ந்த அடோல்ப் பெக் வழக்குகள் காட்டின. பெண்களை ஏமாற்றி நகைகளைக் கவர்ந்தவர் இவரே எனப் பல பெண்கள் 1896இல் ஆணையிட்டுக் கூறினர். ஏழாண்டுக் கடூழியச் சிறை விதிக்கப்பட்டது. 1904இல் மீண்டும் அத்தகைய குற்றச்சாட்டு. மீண்டும் பெண்கள் பலர் அடையாளங் காட்டினர். மீண்டும் குற்றவாளி என்றே முடிவாயிற்று. அதன் பின்னரே உண்மைக் குற்றவாளி பிடிபட்டான். அப்பெண்கள் பொய் கூறியவர்களல்லர். கண்டதைத் தவறாக நினைவிற் கொண்டவர்கள். இவ்வநீதி எழுப்பிய கிளர்ச்சி, 1907இல் இங்கிலாந்திற் குற்றவியல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தோன்றுவதற்கு ஒரு முக்கிய காரணமாயிற்று. இலங்கையிலும் அத்தகைய மன்றொன்று 1938ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டத்தால் அமைந்து, 1973ஆம் ஆண்டின் சட்டத்தால் நீங்கும்வரை இயங்கிற்று.

எண்ணிக்கையைச் சட்டமே கைவிட்டது. சேர் ஜேம்ஸ் பிற்ஸ்ஜேம்ஸ் ஸ்ரீபன் வரைந்த 1872ஆம் ஆண்டின் இந்தியச் சான்றுச் சட்டத்தின் 134ஆம் பிரிவு, எந்தவொரு நிகழ்வையும் நிரூபிப்பதற்கு இத்தனை சாட்சிகள் வேண்டும் என்ற நியதி இல்லை என்றது. 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க இலங்கைச் சான்றுக் கட்டளைச்சட்டமும் அதே இலக்கப் பிரிவில் அதே விதியைக் கொண்டுள்ளது.

இவ்விதியின் உட்பொருளைத் தெளிவாக விளக்கியது தமிழகத்திலிருந்து சென்ற மேன்முறையீடொன்று. 1955இல் முத்துப்பேட்டையில் தேநீர்க்கடை நடத்திய ஒருவர் இரவில் தாக்கிக் கொல்லப்பட்டார். வழக்கு அவர் மனைவியின் சாட்சியத்தையே ஆதாரமாகக் கொண்டிருந்தது. முதலாம் எதிரிக்கு மரண தண்டனை. 1957இல் இந்திய உச்ச நீதிமன்றத்தில், சாட்சி ஒருவரேயாதலால் தண்டனையையேனும் குறைக்க வேண்டுமென வாதிக்கப்பட்டது. நீதியரசர் பி. பி. சின்கா எழுதிய தீர்ப்பு அவ்வாதத்தை ஏற்கவில்லை. குற்றம் மெய்ப்பட்டதா என்பது ஒரு வினா, தண்டனை எத்தகையது என்பது வேறொரு வினா என்றது.

சாட்சிகளை அத்தீர்ப்பு மூவகையாகப் பகுத்தது. முற்றும் நம்பத்தக்கவர் ஒருவர். முற்றும் நம்பத்தகாதவர் மற்றொருவர். இரண்டுமல்லாத இடைநிலையினர் மூன்றாமவர். முதலாமவர் தனியராயினும் போதும். இரண்டாமவரின் கூற்றுத் தள்ளப்படும். மூன்றாமவரின் கூற்றுக்கே நம்பத்தக்க பிற ஆதாரத்தின் துணை வேண்டும். பல சாட்சிகளைக் கட்டாயமாக்கினால், பொய்ச் சாட்சி தேடுவோர்க்கு அஃது ஊக்கமாக முடியும் என்ற எச்சரிக்கையும் அதில் உண்டு.

அவ்வாறாயின் நிறுக்கும் துலாக்கோல் யாது? கத்திக்குத்து வழக்கில் அது பெரிதும் எளிய வினாக்களாலானது. வெளிச்சம் இருந்ததா? சாட்சி எத்துணைத் தூரத்தில் நின்றார்? எதிரியை முன்னரே அறிவாரா? முறைப்பாடு உடனே செய்யப்பட்டதா? அவர் கூறும் குத்துக்களும் மருத்துவர் கண்ட காயங்களும் பொருந்துகின்றனவா? உறவினர் என்பதற்காக ஒருவரை ஒதுக்குதல் முறையன்று. ஆயினும் பகைமையால் நிரபராதி ஒருவரையும் சேர்த்துக் கூறினாரா என ஆராய்தல் வேண்டும். அச்சத்தில் எழுந்த சிறு முரண்பாட்டையும், கட்டிய கதையின் பெரு முரண்பாட்டையும் பிரித்தறிதலே நீதிபதியின் கடமை.

சான்று எண்ணப்படுவதன்று, நிறுக்கப்படுவது என்ற இக்கொள்கையை இலங்கை மேன்முறையீட்டு நீதிமன்றமும் 1999ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கையில் வெளியான தீர்ப்பொன்றில் வலியுறுத்தியது. பலர் கூடிக் கூறியும் பெக் நிரபராதி. தனித்து நின்றும் முத்துப்பேட்டைப் பெண்ணின் சொல் நிலைத்தது. எண்ணுதல் எளிது, எவராலும் இயலும். நிறுத்தலோ அரிது, ஓர் உயிர் அதிலே தங்கியிருப்பதால் அவ்வருமையைத் தவிர்த்தல் நீதிக்கு இயலாது.