முதலில் இறங்குவது யார்?



2001ஆம் ஆண்டு டிசெம்பர் முதலாம் திகதி இரவு ஹூஸ்ரனில் எங்கள் வீட்டில் ஒரு பெரிய வாக்குவாதம் நடந்தது. ரெக்சாஸ் பல்கலைக்கழக உதைபந்தாட்ட அணிக்குக் குவார்ட்டர்பாக்காக யார் இறங்க வேண்டும் என்பதுதான் விடயம். அப்பா மேஜர் அப்பிள்வைற்றின் கட்சி. நியூ ஜேர்சியில் இருந்த சித்தப்பா தொலைபேசியில் கிறிஸ் சிம்ஸின் கட்சி. சிம்ஸ் நியூ ஜேர்சிப் பிள்ளை. அவரது தகப்பன் பில் சிம்ஸ் நியூயோர்க் ஜயன்ற்ஸ் அணியின் புகழ்பெற்ற குவார்ட்டர்பாக்.

அன்று கொலராடோவுடன் நடந்த இறுதியாட்டத்தில் சிம்ஸ் தொடங்கினார். அவர் எறிந்த மூன்று பந்துகள் எதிரணியின் கையில் போய் விழுந்தன. பின்னர் அப்பிள்வைற் இறங்கி எவ்வளவோ மீட்டும் ரெக்சாஸ் 39-37 என்று தோற்றது. அதே மாதம் 28ஆம் திகதி வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்கு எதிராக அப்பிள்வைற் முதலிலேயே இறங்கினார். 473 யார் தூரத்துக்குப் பந்தெறிந்து 47-43 என்று வென்று கொடுத்தார். அன்றிரவு சித்தப்பா தொலைபேசியை எடுக்கவேயில்லை.

இந்த ஆட்டம் பழக்கமில்லாத நேயர்களுக்கு ஒரு சிறு விளக்கம். குவார்ட்டர்பாக்கின் கைக்குப் பந்து வந்த பிறகுதான் அநேகமாக எல்லாமே நடக்கும். ஒரு நேரத்தில் அந்த இடத்தில் ஒருவர்தான் நிற்கலாம். எங்கள் ஊரில் வடக்கின் பெரும் சமருக்கு முன்னர் எந்த விக்கெட் காப்பாளரை எடுப்பது என்று சந்திக்குச் சந்தி கதைத்ததை நினைத்துப் பாருங்கள். ஒருவர் இறங்கினால் மற்றவர் வெளியில் குந்தியிருக்க வேண்டியதுதான்.

ரெக்சாசில் இந்த வாக்குவாதத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. அதில் மிகவும் பேசப்பட்டது 1968ஆம் ஆண்டுக் கதை.

அந்த ஆண்டு அணியின் குவார்ட்டர்பாக் பில் பிராட்லி. பாலஸ்ரைன் என்ற சிறிய ரெக்சாஸ் ஊரில் இருந்து வந்தவர். 'சூப்பர் பில்' என்பது இரசிகர்கள் வைத்த பெயர். பயிற்றுநர் டரல் றோயல் 1963இல் தேசியப் பட்டம் வென்றவர் என்றாலும் அதற்குப் பிந்திய சில பருவங்கள் அவருக்கு நன்றாக அமையவில்லை. ஆகவே உதவிப் பயிற்றுநர் எமரி பெலார்ட் ஒரு புதிய அமைப்பை உருவாக்கினார். குவார்ட்டர்பாக்கின் பின்னால் மூன்று ஓட்டக்காரர் நிற்பார்கள். எதிரணியின் அசைவைப் பார்த்து, பந்தை ஒருவரிடம் கொடுப்பதா, தானே கொண்டு ஓடுவதா, பக்கத்தில் வருபவருக்குத் தட்டிவிடுவதா என்று அவர் கண் இமைக்கும் நேரத்தில் முடிவெடுக்க வேண்டும். 'விஷ்போன்' என்று இந்த அமைப்புக்குப் பெயர் வந்தது.

முதல் ஆட்டத்தில் ஹூஸ்ரனுடன் 20-20 சமநிலை. இரண்டாவதில் ரெக்சாஸ் ரெக் அணியிடம் 31-22 தோல்வி. அந்தத் தோல்வியின் நடுவிலேயே றோயல் பிராட்லியை வெளியே எடுத்து ஜேம்ஸ் ஸ்ரீற் என்பவரை இறக்கினார். ஸ்ரீற்றுக்கு பிராட்லி அளவுக்குப் பெயர் இருக்கவில்லை. ஆனால் அவர் தொடங்கிய 20 ஆட்டங்களிலும் ரெக்சாஸ் வென்றது. 1969 டிசெம்பர் 6இல், ஜனாதிபதி நிக்சன் நேரில் வந்து பார்த்த ஆட்டத்தில், ஆர்கன்சோவை 15-14 என்று வென்றதும் அவர் தலைமையில்தான்.

சரி, பிராட்லி என்ன ஆனார்? அவர் அணியை விட்டுப் போகவில்லை. அதே பருவத்தில் தடுப்பாட்டப் பக்கம் மாறினார். எதிரணி எறியும் பந்தைப் பறிப்பது அவரது புதிய வேலை. பின்னர் தொழில்முறை ஆட்டத்தில் பிலடெல்பியா ஈகிள்ஸ் அணிக்குப் போய், 1971இல் 11, 1972இல் 9 என்று பந்துகளைப் பறித்து, இரண்டு ஆண்டும் முழு லீக்கிலும் முதலிடம் பிடித்தார்.

இந்தக் கதையை நான் நூலகத்தில் வாசித்துவிட்டு அப்பாவுக்குச் சொன்னேன். அதற்கு ஒரு காரணம் இருந்தது. அப்பா யாழ்ப்பாணத்தில் கணித ஆசிரியர். 1995இல் வலிகாமத்தை விட்டு எல்லோரும் நடந்தபோது எங்களையும் கூட்டிக்கொண்டு நடந்தவர். ஹூஸ்ரனில் அவருக்குக் கிடைத்தது பெற்றோல் நிலையக் கடையில் இரவு வேலை. அங்கே தான் ஒரு வாத்தியார் என்று அவர் ஒருவரிடமும் சொன்னதில்லை. இடம் போனாலும் இன்னொரு இடத்தில் ஒருவர் முதலாவதாக வரலாம் என்று அவருக்குச் சொல்ல நினைத்தேன்.

அப்பா முழுக்கக் கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அவனுக்கு வேற இடம் குடுக்க ஒருத்தர் இருந்தவர் தம்பி. வாசலிலயே மறிச்சுப்போட்டினம் எண்டால் எங்க போய் விளையாடுறது?"

எனக்குப் பதில் வரவில்லை. அப்பா உயர்தரம் எழுதிய காலம் தரப்படுத்தல் வந்த காலம். பொறியியல் படிக்கப் போக இருந்தவர் அப்படித்தான் வாத்தியாரானார். அவர் எதைச் சொல்கிறார் என்று விளங்கியது.

மறுபடி நூலகத்துக்குப் போனேன். அப்பா சொன்னது அந்த அணியின் வரலாற்றிலேயே இருந்தது. ரெக்சாஸ் பல்கலைக்கழகம் கறுப்பின மாணவர்களை இளநிலைப் படிப்புக்குச் சேர்க்கத் தொடங்கியதே 1956இல்தான். தேசியப் பட்டம் வென்ற 1969ஆம் ஆண்டு அணியில் ஆடியவர்கள் அத்தனை பேரும் வெள்ளையர்கள். அப்படி முற்றிலும் வெள்ளையர்களாக இருந்து பட்டம் வென்ற கடைசிப் பெரிய அணி அதுவே. பிராட்லியா ஸ்ரீற்றா என்று மாநிலமே வாதிட்டபோது, அந்த வாதத்தில் பெயர்கூட அடிபட வழியில்லாத எத்தனை கெட்டிக்காரர்கள் அதே மாநிலத்தில் இருந்திருப்பார்கள்?

1970இல் ஜூலியஸ் விற்றியர் அந்த அணியில் ஆடினார். 1970களின் பிற்பகுதியில் டொனி லிற்றில் வந்து, ரெக்சாசின் முதலாவது கறுப்பினக் குவார்ட்டர்பாக் ஆனார். 2006 ஜனவரி 4இல், கடைசி 19 விநாடிகள் இருக்கையில் ஓடிப்போய்த் தேசியப் பட்டத்தை வென்று கொடுத்தவர் வின்ஸ் யங். அவர் எங்கள் ஹூஸ்ரன் பிள்ளை, கறுப்பினத்தவர். அன்று அப்பா கதிரையில் இருந்து எழும்பி நின்று கைதட்டினார்.

அதற்குள் அப்பா வேறொன்றும் தொடங்கியிருந்தார். சனிக்கிழமைகளில் எங்கள் சாப்பாட்டு மேசையில் அட்சரகணிதம் சொல்லிக் கொடுத்தார். தமிழ்ப் பிள்ளைகளுடன் அயலில் இருந்த மெக்சிக்கப் பிள்ளைகளும் வந்தார்கள். காசு வாங்கவில்லை, சோதனை வைத்து ஆள் எடுக்கவும் இல்லை. வந்த எல்லோருக்கும் கதிரை போட்டார். கதிரை முடிந்தால் பாய்.

2024இல் குயின் யூவர்ஸா ஆர்ச் மானிங்கா என்று அதே ரெக்சாஸ் அணிக்கு மீண்டும் வாக்குவாதம் வந்தது. என் மகன் அப்பப்பாவிடம் ஓடிப்போய், "நீங்கள் யார் பக்கம்?" என்று கேட்டான். எழுபதைத் தாண்டிய அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தொலைக்காட்சியைப் பார்த்தார்.

"ஆர் இறங்கினாலும் பரவாயில்லை அப்பு. வாங்கில இருக்கிறவன் ஆர் எண்டு முதல்ல காட்டு."

நேயர்களே, உங்கள் வீட்டிலும் இந்த வாக்குவாதம் நடக்கட்டும். வாங்கிலும் இடம் கிடைக்காதவர்களைப் பற்றியும் பிள்ளைகளுக்கு ஒரு சொல் சொல்லுங்கள்.