அலெப்போ வயலில் தோண்டிய குழி

செல்லப்பிராணிக் கடைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சின்னச் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதற்குள் ஓடிக்கொண்டிருக்கும் தங்க நிறக் குண்டு எலிதான் ஹாம்ஸ்டர். வெள்ளெலி மாதிரிதான் இருக்கும், ஆனால் வால் இருக்கிறதா இல்லையா என்று தேட வேண்டும். இரண்டு கன்னத்திலும் பை. கடலையைக் கொடுத்தால் தின்னாது, கன்னத்துக்குள் திணித்துக்கொண்டு மூலைக்கு ஓடிவிடும். ஜெர்மன் மொழியில் 'ஹாம்ஸ்டர்ன்' என்றால் பதுக்குவது என்றே அர்த்தம். 2020-ல் கொரோனா வந்தபோது ஜெர்மானியர்கள் கடைகளில் மாவையும் டாய்லெட் பேப்பரையும் அள்ளிக்கொண்டு போனதற்கு 'ஹாம்ஸ்டர் கொள்முதல்' என்றுதான் பெயர்!

நாய்க்கும் பூனைக்கும் மனிதனோடு பல ஆயிரம் ஆண்டு உறவு உண்டு. அவை எப்போது எங்கே வீட்டுக்குள் வந்தன என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். தங்க ஹாம்ஸ்டருக்கு அந்தப் பிரச்சினையே இல்லை. வருடம், மாதம், தேதி, வயல், மண்வெட்டி பிடித்த கூட்டம் என்று எல்லாமே தெரியும். அந்தக் கதை ஆரம்பிக்கிற இடங்களில் ஒன்று நம்ம சென்னை என்பதுதான் பலருக்குத் தெரியாது.

1903-ஆம் ஆண்டு. அப்போது மெட்ராஸ். சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் அரசுப் பொது மருத்துவமனையில் சார்லஸ் டோனவன் என்ற மருத்துவர் வேலை பார்த்தார். மாதக்கணக்கில் காய்ச்சல் அடித்து, உடம்பு வற்றி, மண்ணீரல் மட்டும் வீங்கி வயிறு பானை போல ஆகிச் செத்துப்போகும் நோயாளிகள் அவரிடம் வந்துகொண்டிருந்தார்கள். மலேரியா என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தார்கள். டோனவன் மண்ணீரலில் இருந்து ஊசியால் எடுத்த துளியை நுண்ணோக்கியில் பார்த்தபோது அதில் இருந்தது மலேரியாக் கிருமி இல்லை, வேறு ஏதோ. அதே சமயத்தில் வில்லியம் லீஷ்மன் என்ற ராணுவ மருத்துவரும் இதே விஷயத்தை இங்கிலாந்தில் எழுதியிருந்தார். அவர் பார்த்தது கல்கத்தா பக்கத்து டம்டமில் இருந்து திரும்பி இறந்துபோன ஒரு சிப்பாயின் மண்ணீரல். யார் முதலில் என்று தகராறு வருவதற்குள் ரொனால்டு ராஸ் (மலேரியாவுக்கு நோபல் வாங்கியவர்தான்) இருவர் பெயரையும் சேர்த்து அந்த ஒட்டுண்ணிக்கு 'லீஷ்மேனியா டோனவானி' என்று பெயர் வைத்துவிட்டார். நோயின் பெயர் காலா அசார்.

கிருமி கிடைத்துவிட்டது. ஆனால் அது உடம்புக்குள் எப்படி வேலை செய்கிறது, எந்த மருந்து கேட்கும் என்று பார்க்க ஒரு விலங்கு வேண்டும். சாதாரண எலியில் இந்த நோய் சரியாகப் பிடிக்கவில்லை. சீனாவில் இருந்த ஒரு வகைச் சின்ன ஹாம்ஸ்டரில் நன்றாகப் பிடித்தது. ஜெருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தில் ஒட்டுண்ணிகளை ஆராய்ந்துகொண்டிருந்த சால் ஆட்லர் அதைத்தான் வரவழைத்துப் பயன்படுத்தினார். (டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' நூலைப் பிற்பாடு எபிரேயத்தில் மொழிபெயர்த்ததும் இவர்தான்.) ஆனால் சீன ஹாம்ஸ்டர் கூண்டில் குட்டி போட மறுத்தது. ஒவ்வொரு முறையும் சீனாவில் இருந்து கப்பலில் வர வேண்டும். வெறுத்துப்போன ஆட்லர், இந்தப் பக்கத்திலேயே ஏதாவது ஹாம்ஸ்டர் கிடைக்காதா என்று கேட்டார்.

கேட்டது இஸ்ரேல் அஹரோனி என்ற விலங்கியலாளரிடம். சிரியாவின் அலெப்போ பக்கம் தங்க நிறத்தில் ஒன்று உண்டு என்பது ஏட்டில் இருந்தது. 1839-ல் லண்டனில் வாட்டர்ஹவுஸ் என்பவர் அலெப்போவில் இருந்து வந்த ஒரே ஒரு கிழட்டுப் பெண் ஹாம்ஸ்டரின் உடலை வைத்துக்கொண்டு அதை ஒரு புது இனமாக அறிவித்திருந்தார். பிறகு ஒரு பிரிட்டிஷ் தூதர் 1880 வாக்கில் சிலவற்றைப் பிரிட்டனுக்குக் கொண்டுபோய், அந்தக் கூட்டம் முப்பது வருடம் போல வாழ்ந்து அழிந்தும் விட்டது. அத்தோடு உலகம் மறந்துவிட்டது. ஆனால் அலெப்போ விவசாயிகள் மறக்கவில்லை. கோதுமையைத் திருடிப் பதுக்குகிற பிராணியை எந்த விவசாயி மறப்பான்?

அஹரோனிக்கு அங்கே ஜார்ஜியஸ் கலீல் தஹான் என்று ஒரு வழிகாட்டி இருந்தார். அவர் உள்ளூர் ஷேக்கிடம் போய்ப் பேசினார். ஷேக் ஆட்களைக் கூப்பிட்டு, ஹாம்ஸ்டர் நடமாட்டம் இருந்த ஒரு கோதுமை வயலைக் காட்டினார். 1930 ஏப்ரல் 12. ஆட்கள் தோண்ட ஆரம்பித்தார்கள். வயல் பாழாய்ப் போகிற அளவுக்குத் தோண்டிய பிறகு, 8 அடி ஆழத்தில் ஒரு கூடு அகப்பட்டது. உள்ளே ஒரு தாய், 11 குட்டிகள். கண்கூடத் திறக்கவில்லை. (8 அடி என்பது கொஞ்சம் வேட்டைக்காரர் கணக்கோ என்று சந்தேகப்பட இடமிருக்கிறது. அதற்குப் பின்னால் வருவோம்.)

அடுத்து நடந்தது யாரும் எதிர்பார்க்காதது. தாயையும் குட்டிகளையும் ஒரு பெட்டியில் வைத்தார்கள். பயந்துபோன தாய், பக்கத்தில் வந்த குட்டியின் தலையைக் கடித்துக் கொன்றுவிட்டது. மற்றவற்றையும் கொன்றுவிடும் என்று பயந்து, தாயைத் தனியே எடுத்துச் சயனைடு வைத்துக் கொன்றார்கள். தாய் செய்தது கொடுமை என்று அன்று நினைத்தார்கள். இன்றைக்கு ஹாம்ஸ்டர் வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும், கூட்டைக் கலைத்தால் தாய் குட்டியைத் தின்னும். குட்டி போட்ட கூண்டுக்குள் ஆசையாகக் கையை விட்டுவிட்டு மறுநாள் காலையில் அழும் பிள்ளைகள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். முதல் கூட்டைத் திறந்த முதல் நாளே அந்தப் பாடம் கிடைத்துவிட்டது. யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

தாயில்லாத பத்துக் குட்டிகளையும் அஹரோனியும் அவர் மனைவியும் கையில் வளர்த்தார்கள். வளர்ந்ததும் தப்பி ஓடின. தேடிப் பிடித்ததில் ஒன்பது தேறின. பல்கலைக்கழகத்தில் விலங்குகளைப் பராமரித்த ஹைன் பென்-மெனகெமிடம் ஒப்படைத்தார்கள். அவர் வைத்த கூண்டின் அடிப்பாகம் மரம். இரவோடு இரவாக ஐந்து மரத்தைக் குடைந்து வெளியே போயின, போனது போனதுதான். மிச்சம் நான்கே!

பென்-மெனகெம் கெட்டிக்காரர். கம்பி வலைக் கூண்டு ஒன்று செய்து, அதில் வைக்கோலை இறுக்கி அடைத்து, அடியில் மட்டும் வெளிச்சம் வருகிற மாதிரி ஒரு சின்ன இடைவெளி விட்டார். ஹாம்ஸ்டர்கள் மேலிருந்து கீழே வைக்கோலைத் தோண்டிக்கொண்டே போயின. மண்ணைத் தோண்டுகிற நினைப்பு வந்தால்தான் அவற்றுக்கு நிம்மதி என்று அந்த மனிதருக்கு எப்படியோ பட்டிருக்கிறது. அண்ணனும் தங்கையும் இணைந்தன. பதினாறே நாளில் குட்டி. (பாலூட்டிகளில் இவ்வளவு குறுகிய கர்ப்பம் அபூர்வம்.) ஒரு வருடத்துக்குள் 150 ஆகிவிட்டது. இன்று உலகத்துக் கடைகளில், வீடுகளில், ஆய்வகங்களில் இருக்கும் தங்க ஹாம்ஸ்டர்களில் அநேகமாக எல்லாமே அந்த ஒரு குழியின் வாரிசுகள். சயனைடு வைத்துக் கொல்லப்பட்ட அந்தத் தாய்தான் எல்லாவற்றுக்கும் பாட்டி.

1931-ல் ஆட்லர் சிலவற்றைக் கோட்டுப் பையில் போட்டு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அங்கே ஆய்வகங்களில் பெருகி, 1937 வாக்கில் தனியார் வீடுகளுக்குள் நுழைந்தன. 1938-ல் அமெரிக்கா. அங்கேயும் முதலில் ஆய்வகத்துக்குத்தான். அதைச் செல்லப்பிராணி வியாபாரமாக ஆக்கியதில் பெரும் பங்கு அலபாமா மாநிலத்து மொபைல் நகரைச் சேர்ந்த ஆல்பர்ட் மார்ஷ் என்பவருக்கு. வேலை இழந்திருந்த மனிதர். கையில் வந்த ஒரு ஹாம்ஸ்டரைப் பார்த்ததும் வழி தெரிந்துவிட்டது. 1940-களின் நடுவில் 'கல்ஃப் ஹாம்ஸ்டரி' என்று பண்ணை போட்டு, பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்து, தபாலில் ஹாம்ஸ்டர் விற்றார். எப்படி வளர்ப்பது என்று 1948-ல் ஒரு கையேடும் போட்டார். குரைக்காது, நாற்றம் குறைவு, இடம் அடைக்காது, விலை மலிவு. போருக்குப் பிந்தைய அமெரிக்கக் குடும்பத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? பிறகு வெள்ளைத் திட்டு போட்டது, சந்தன நிறம், நீள முடி என்று ரகம் ரகமாக வந்தன. எல்லாம் அதே ரத்தம்.

ஆய்வகமும் விடவில்லை. காலா அசாருக்கு வந்த பிராணி பல் சொத்தைக்கும் புற்றுநோய்க்கும் உடம்புக் கடிகார ஆய்வுக்கும் போனது. 1988-ல் 24 மணி நேரத்துக்குப் பதிலாக ஏறத்தாழ 22 மணி நேரத்தையே ஒரு நாளாக வாழ்ந்த ஒரு ஹாம்ஸ்டர் அகப்பட்டது. நேரத்தை நிர்ணயிப்பது பரம்பரையில் வருகிற விஷயம் என்பதைப் பாலூட்டிகளில் காட்டிய முக்கியமான சாட்சி அந்தச் சக்கரம் சுற்றிய எலிதான். கண்ணாடிப் பெட்டிக்குள் வேடிக்கைக்கு ஓடுகிற அதே சக்கரம்.

செல்லம், சோதனைப் பொருள் என்ற இந்த இரண்டு வாழ்க்கையும் ஹாங்காங்கில் நேருக்கு நேர் மோதின. 2020-ல் கொரோனா வைரஸ் தங்க ஹாம்ஸ்டரை மனிதனைப் போலவே பிடிக்கிறது என்று முதலில் காட்டியவர்களில் ஹாங்காங் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் உண்டு. நோயுள்ள ஹாம்ஸ்டர் கூண்டுக்கும் நோயில்லாத கூண்டுக்கும் நடுவே முகக்கவசத் துணியைத் திரையாகக் கட்டி, முகக்கவசம் பரவலைக் குறைக்கிறது என்று அவர்கள் செய்த சோதனை உலகச் செய்தியானது. அதே ஊரில் 2022 ஜனவரியில் ஒரு செல்லப்பிராணிக் கடை ஊழியருக்குக் கொரோனா வந்தது. கடை ஹாம்ஸ்டர்களைச் சோதித்தால் அவற்றிலும் இருந்தது. அரசாங்கம் ஏறத்தாழ 2,000 சிறு பிராணிகளைக் கொல்ல உத்தரவிட்டது. 2021 டிசம்பர் 22-க்குப் பிறகு ஹாம்ஸ்டர் வாங்கியவர்கள் அதைக் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும் என்றும் சொன்னது. ஒப்படைக்கும் மையத்து வாசலில் பெட்டியை வாங்கி ஒளித்து வைக்கத் தயாராகச் சிலர் நின்றார்கள். பயம் கற்பனையும் இல்லை. இறக்குமதியான ஹாம்ஸ்டர்களில் இருந்து மனிதருக்குத் தொற்று போனதைப் பின்னர் ஆய்வு உறுதி செய்தது. ஆனாலும் ஒரு பிள்ளை பெயர் வைத்து வளர்க்கும் உயிரை அரசாங்கம் கெட்டுப்போன சரக்கைப் போலத் திரும்பக் கேட்டது என்றால், கடைக்காரரும் வாங்கியவரும் ஆய்வகமும் அதைப் பல காலமாக அப்படித்தான் நடத்திவந்தார்கள் என்பதும் உண்மை.

இவ்வளவு நடந்தும் ஒரு கேள்வியை வெகுகாலம் யாரும் ஒழுங்காகக் கேட்கவில்லை. அலெப்போ வயலில் இந்தப் பிராணி எப்படி வாழ்கிறது? 1971-ல் மைக்கேல் மர்ஃபி என்ற அமெரிக்கர் போய்ப் பத்துப் பன்னிரண்டைப் பிடித்து வந்தார். பிடித்து வருவதோடு சரி. கோடிக்கணக்கில் கூண்டில் வளர்த்தாகிவிட்டது, ஆயிரக்கணக்கில் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியாகிவிட்டது, அதன் வீட்டை மட்டும் போய்ப் பார்க்கவில்லை. 1990-களின் கடைசியில்தான் ஜெர்மனியின் ஹாலே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோல்ஃப் காட்டர்மனும் கூட்டாளிகளும் சிரியாவுக்கும் துருக்கி எல்லைக்கும் போய் 30 வளைகளை அளந்தார்கள். ஆழம் 36 முதல் 106 சென்டிமீட்டர். (அஹரோனியின் 8 அடி எங்கே, இது எங்கே!) எந்த வளையிலும் வளர்ந்த ஹாம்ஸ்டர் ஒன்றுக்கு மேல் இல்லை. ஒன்றே ஒன்று. 'துணை இல்லாமல் பாவம்' என்று ஜோடியாக வாங்கிப்போய், இரண்டும் கடித்துக் குதறிக்கொள்வதைப் பார்த்துத் திகைப்பவர்களுக்கான பதில் அங்கே மண்ணுக்கடியில் இருந்தது.

அந்த வயல்களில் விவசாயிகள் எலி மருந்து வைக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? விளைச்சலைத் தின்கிற பிராணிதானே. உலகத்திலேயே காட்டுத் தங்க ஹாம்ஸ்டர் இருப்பது அலெப்போவைச் சுற்றியுள்ள சமவெளியிலும் அதை ஒட்டிய துருக்கி எல்லையிலும் மட்டும்தான். மொத்தப் பரப்பு நம் தமிழ்நாட்டின் பத்தில் ஒரு பங்கைச் சுற்றித்தான் வரும். 2011-க்குப் பிறகு அங்கே போரும் வந்தது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2020-ல் இந்த இனத்தை அழியும் ஆபத்தில் உள்ளது என்று பட்டியலில் போட்டது.

காட்டர்மன் குழு பின்னர் தெற்குத் துருக்கி வயல்களில் பெண் ஹாம்ஸ்டர்களைக் கருவி பொருத்திக் கவனித்தது. 2008-ல் வெளிவந்த முடிவு வளர்ப்பவர்களுக்கு அதிர்ச்சி. ஹாம்ஸ்டர் இரவுப் பிராணி, பகலில் தூங்கும், இரவில் சக்கரம் சுற்றும் என்றுதான் எல்லாக் கையேடுகளும் எழுதியிருந்தன. கூண்டில் அப்படித்தான் இருக்கிறது. வயலிலோ அவை காலை 6 மணியில் இருந்து 8 மணி வரையும், சாயங்காலம் 4 மணியில் இருந்து ஏழரை வரையும்தான் வெளியே வந்தன. வெயிலில் வந்து, கன்னப் பை நிறைய அள்ளிக்கொண்டு, இருட்டுவதற்குள் தனியாக வளைக்குள் இறங்கிவிட்டன.