பொன்மலையும் நெய்வேலியும்: குவார்ட்டர்ஸ் ஊர்களின் தலைக்கணக்கு

விருத்தாசலத்தில் ரயில் ஏறித் திருச்சிக்குப் போகிறவர்களுக்கு அந்தப் பெயர்ப் பலகை தெரிந்திருக்கும். ஸ்ரீரங்கம் தாண்டி, திருச்சி டவுன் தாண்டி, ஜங்ஷன் வருவதற்குச் சற்று முன்னால் ஒரு சிறிய ஸ்டேஷன். பெயர் பொன்மலை. பெரும்பாலான எக்ஸ்பிரஸ் வண்டிகள் அங்கே நிற்பதில்லை. நாமும் பையை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் நகரும் நேரம் என்பதால் அதைக் கவனிப்பதில்லை.

ஆனால் நெய்வேலிக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஊர் அது. ஒரே நிர்வாகம் திட்டம் போட்டுக் கட்டிய ஊர். வேலைக்கு வந்தவர்களுக்குக் குவார்ட்டர்ஸ், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், நோய்க்கு ஆஸ்பத்திரி என எல்லாம் ஒரே இடத்திலிருந்து கிடைத்த ஊர். நம் டவுன்ஷிப்புக்கு முப்பது வருஷம் மூத்த அக்கா என்றே சொல்லலாம். அந்த அக்காவின் கதையைத் தெரிந்துகொண்டால் நம் ஊருக்கு நடந்துகொண்டிருப்பதும் கொஞ்சம் விளங்கும்.

ரயில் கம்பெனி கட்டிய ஊர்

பொன்மலை என்பது முதலில் ஒரு பாறைக் குன்றின் பெயர். கர்நாடகப் போர்களின்போது, 1753-ல், ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் அந்தக் குன்றின் அருகே நடந்த சண்டை வரலாற்றுப் புத்தகங்களில் ‘கோல்டன் ராக் சண்டை’ என்றே பதிவாகியிருக்கிறது. அதற்குப் பின் நெடுங்காலம் அந்தப் பக்கம் பெரிதாக எதுவும் நடக்கவில்லை.

தென்னிந்திய ரயில்வே கம்பெனிக்கு ஆரம்ப காலத்தில் நாகப்பட்டினம்தான் முக்கியமான இடம். துறைமுகம் அங்கே இருந்தது. 1860-களின் தொடக்கத்தில் நாகையிலிருந்து திருச்சிக்குப் பாதை போட்டார்கள். எஞ்சின்களையும் பெட்டிகளையும் பழுது பார்க்கும் பணிமனையும் நாகையிலேயே இருந்தது. பாதைகள் நாலா பக்கமும் நீண்டபோது, ஒரு மூலையில் இருக்கும் நாகையைவிட நடுவில் இருக்கும் திருச்சி வசதியாகப்பட்டது. விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம் வழியாகத் திருச்சிக்குப் போகும் ‘கார்டு லைன்’ போடப்பட்டதும் 1920-களின் பிற்பகுதியில்தான். நாம் இன்று போகும் பாதை அதுவே.

பல இடங்களில் சிதறிக் கிடந்த பணிமனை வேலைகளையெல்லாம் ஒரே இடத்தில் சேர்ப்பது கம்பெனியின் திட்டம். அதற்காகப் பொன்மலையில் மத்தியப் பணிமனை எழுந்தது. 1928-ல் வேலை தொடங்கியது. பணிமனையைச் சுற்றி வரிசை வரிசையாகக் குடியிருப்புகள், மைதானங்கள், ஆஸ்பத்திரி, பள்ளிகள். வெறும் பொட்டலாக இருந்த இடம் சில ஆண்டுகளில் ஊராகிவிட்டது.

வந்தவர்களும் வர முடியாதவர்களும்

ஒரு ஊர் எழும்போது இன்னொரு ஊர் எதையாவது இழக்கிறது. பணிமனை போனதோடு நாகப்பட்டினத்தின் சுறுசுறுப்பும் குறைந்தது. நாகையில் ஒரு தலைமுறையாக வேலை பார்த்த குடும்பங்கள் பெட்டி படுக்கையோடு பொன்மலைக்கு வந்து சேர்ந்தன.

எல்லோருக்கும் இடம் கிடைக்கவில்லை. புதிய பணிமனைக்கு இத்தனை பேர் தேவையில்லை என்று சொல்லி, மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களைக் குறைக்கக் கம்பெனி முடிவு செய்தது. அதை எதிர்த்துத்தான் 1928 ஜூலையில் தென்னிந்திய ரயில்வே வேலைநிறுத்தம் வெடித்தது. சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் முன்னின்று நடத்தினார்கள். போராட்டம் சில நாட்களில் ஒடுக்கப்பட்டது. தலைவர்கள் சிறைக்குப் போனார்கள், ஏராளமானோர் வேலையை இழந்தார்கள். பொன்மலை என்ற ஊரின் முதல் மக்கள்தொகை, யாரை எடுப்பது, யாரை விடுவது என்ற இந்தப் பட்டியலில்தான் தீர்மானமானது.

நம் ஊரிலும் அப்படித்தானே? சுரங்கத்துக்காக நிலத்தையும் வீட்டையும் விட்டு வெளியேறிய கிராமங்கள் பல. அந்தக் கிராமத்துக்காரர்களில் சிலருக்கு வேலை கிடைத்தது, சிலர் காண்ட்ராக்ட் தொழிலாளர்களாகவே காலத்தைக் கழித்தார்கள். நெய்வேலி என்று இன்று நாம் அழைக்கும் இடத்தின் பழைய மக்கள்தொகை அவர்கள்தான்.

சங்கு ஊதினால் எழும் ஊர்

பணிமனைச் சங்குதான் பொன்மலைக்குக் கடிகாரம். ஊரில் தமிழர்களோடு மலையாளிகளும் தெலுங்கு பேசுகிறவர்களும் ஆங்கிலோ இந்தியர்களும் இருந்தார்கள். எஞ்சின் டிரைவர், கார்டு, போர்மேன் போன்ற வேலைகளில் ஆங்கிலோ இந்தியர்கள் நிறையப் பேர். 1947-க்குப் பிறகு அவர்களில் பலர் குடும்பத்தோடு இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போய்விட்டார்கள். ஊரிலிருந்து ஒரு சமூகம் இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது.

ஊருக்கு ஒரு துயரமான நாளும் உண்டு. 1946 செப்டம்பர் 5 அன்று வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் மீது மலபார் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. ஐந்து தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். ஆண்டுதோறும் அந்தத் தியாகிகளுக்குப் பொன்மலையில் நினைவஞ்சலி செலுத்துகிறார்கள். வேலைக்காக வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்து குடியேறியவர்களை ஒரே ஊர்க்காரர்களாக்கியதில் இந்த நினைவுக்குப் பங்கு உண்டு என்றே தோன்றுகிறது. குவார்ட்டர்ஸ் கை மாறும், ஆள் மாறுவார்கள். ஊரின் நினைவு அடுத்து வருகிறவர் கைக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

1951 ஏப்ரலில் தென்னிந்திய ரயில்வே, மற்ற இரு ரயில்வேக்களோடு இணைந்து தெற்கு ரயில்வே ஆனது. நீராவி எஞ்சின் போய் டீசல் வந்தது, மீட்டர் கேஜ் போய் பிராட் கேஜ் வந்தது. பணிமனை மூடப்படவில்லை, வேலையை மாற்றிக்கொண்டது. ஊட்டி மலை ரயிலுக்குப் புதிய நீராவி எஞ்சின்களை இந்த நூற்றாண்டிலும் அங்கேதான் செய்தார்கள்.

கணக்கிலிருந்து மறைந்த ஊர்

பொன்மலை ஒரு காலத்தில் தனி நகராட்சி. மக்கள்தொகைக் கணக்கில் அதற்கென்று ஒரு வரி இருந்தது. 1994-ல் திருச்சி மாநகராட்சி உருவானபோது ஸ்ரீரங்கம் நகராட்சியோடு பொன்மலை நகராட்சியும் அதில் சேர்ந்தது. 1991-ல் சுமார் 3,87,000 பேர் இருந்த திருச்சி, 2001 கணக்கெடுப்பில் சுமார் 7,52,000 ஆனது. பத்து வருஷத்தில் திருச்சியில் அவ்வளவு குழந்தைகள் பிறந்துவிடவில்லை. பக்கத்து ஊர்கள் உள்ளே வந்ததுதான் முக்கியக் காரணம். அந்தக் கூட்டலில் பொன்மலையின் தனி வரி காணாமல் போனது.

ஆனால் ஊர் காணாமல் போகவில்லை. பணிமனையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் குவார்ட்டர்ஸைக் காலி செய்து, சற்றுத் தள்ளி மனை வாங்கி வீடு கட்டிக்கொண்டார்கள். பொன்மலையைச் சுற்றியுள்ள பகுதிகளில் ரயில்வே குடும்பம் இல்லாத தெரு குறைவு. பொன்மலைச் சந்தைக்கு ரயில்வேக்குச் சம்பந்தமில்லாதவர்களும் வருகிறார்கள். கணக்கில் ஊர் சுருங்கினாலும், மக்கள் வேலிக்கு வெளியே பரவி வாழ்ந்தார்கள்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் சிகாகோவுக்குப் பக்கத்தில், ரயில் பெட்டி செய்யும் ஜார்ஜ் புல்மேன் 1880-களில் தன் தொழிலாளர்களுக்காக ஒரு ஊரையே கட்டினார். வீடு, கடை, நூலகம் எல்லாம் கம்பெனியுடையவை. கூலியைக் குறைத்துவிட்டு வாடகையைக் குறைக்காததால் 1894-ல் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. 1898-ல், தொழிலுக்குத் தேவையில்லாத வீடுகளைக் கம்பெனி விற்றுவிட வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. புல்மேன் இன்று சிகாகோ நகரத்தின் ஒரு பகுதி. கம்பெனி போய்விட்டது. அந்த இடத்தை 2015-ல் தேசிய நினைவிடமாக அறிவித்தார்கள்.

நம் கணக்கு என்ன சொல்கிறது?

இப்போது நெய்வேலிக்கு வருவோம். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டியபோது கருப்பாக ஏதோ வந்த கதை நம் பிள்ளைகளுக்கும் தெரியும். 1956 நவம்பர் 14-ல் நிறுவனம் பதிவானது. 1957 மே 20-ல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1962-ல் முதல் அனல் மின் நிலையம் மின்சாரம் தந்தது. அதே ஆண்டுகளில் ஒவ்வொரு வட்டமாக டவுன்ஷிப் எழுந்தது.

2001 கணக்கெடுப்பில் நெய்வேலி டவுன்ஷிப்பின் மக்கள்தொகை 1,27,000-க்கு மேல். 2011-ல் அது 1,05,000-க்குச் சற்று மேல். பத்தே வருஷத்தில் இருபதாயிரத்துக்கும் அதிகமானோர் குறைந்திருக்கிறார்கள், ஏறக்குறைய ஆறில் ஒருவர். அதே பத்து வருஷத்தில் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 15 சதவீதத்துக்கு மேல் கூடியது.

ஊர் நொடித்துவிட்டதா என்றால் இல்லை. அந்தப் பத்து வருஷத்தில் சுரங்கமும் மின் உற்பத்தியும் நிற்கவில்லை. 1960-களிலும் 70-களிலும் சேர்ந்த தலைமுறை வரிசையாக ஓய்வு பெற்றது. ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அந்த இடங்களுக்கு அதே எண்ணிக்கையில் நிரந்தரத் தொழிலாளர்கள் எடுக்கப்படவில்லை. வந்த இளைஞர்களின் குடும்பங்களும் சிறியவை. ஆறு பேர் இருந்த வீட்டில் மூன்று பேர். படித்த பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்டார்கள்.

காலி செய்தவர்கள் எங்கே போனார்கள்? சிலர் சொந்த ஊருக்கு. ஆனால் முப்பத்தைந்து வருஷம் இங்கே இருந்தவருக்குச் சொந்த ஊர் எது? பலர் ஆர்ச் கேட்டைத் தாண்டி அதிக தூரம் போகவில்லை. வடக்குத்து, இந்திரா நகர், மந்தாரக்குப்பம் பக்கம் மனை வாங்கினார்கள், அடுக்ககத்தில் வீடு வாங்கினார்கள். காலையில் நடைப்பயிற்சிக்கும் சாயந்திரம் கோயிலுக்கும் வட்டத்துக்குள்தான் வருகிறார்கள். யாராவது கேட்டால் ‘நெய்வேலி’ என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் டவுன்ஷிப் எல்லைக்கு வெளியே வீடு இருந்தால் அரசின் கணக்கில் அவர் நெய்வேலிக்காரர் இல்லை, அந்த ஊராட்சியைச் சேர்ந்தவர்.

இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. தண்ணீர், சாலை, தெருவிளக்கு, பஸ், பள்ளி எல்லாவற்றுக்கும் திட்டம் போடும்போது மக்கள்தொகைக் கணக்கைத்தான் பார்ப்பார்கள். டவுன்ஷிப் கணக்கு குறைவதையும், பக்கத்து ஊராட்சிகள் பெருகுவதையும் தனித்தனியாகப் பார்த்தால் நெய்வேலி தேய்கிறது என்று தோன்றும். சேர்த்துப் பார்த்தால், ஊர் வேலியைத் தாண்டி வளர்ந்திருக்கிறது என்று தெரியும். பொன்மலைக்குப் பக்கத்தில் திருச்சி இருந்தது, மக்கள் அதில் கலந்துகொண்டார்கள். நமக்குப் பக்கத்தில் அப்படி ஒரு மாநகரம் இல்லை. நாம்தான் நமக்கு நகரம்.

கதவைத் தட்டும்போது

2021-ல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை. அடுத்த கணக்கெடுப்பு 2027 மார்ச் 1-ஐ ஆதாரத் தேதியாகக் கொண்டு நடக்கும் என்று அரசு அறிவித்திருக்கிறது. முன்பு நடந்த கணக்கெடுப்புகளில் பிறந்த ஊர் எது, கடைசியாக எந்த ஊரில் இருந்தீர்கள், எதற்காக இங்கே வந்தீர்கள், வந்து எத்தனை வருஷமாகிறது என்றெல்லாம் கேட்டார்கள். இந்தக் கேள்விகளை அவசரமாகத் தள்ளிவிடாமல் பதில் சொல்ல வேண்டும். நம் ஊரைப் போன்ற குடியேறிய ஊருக்கு வரலாறே இந்த நான்கு பதில்கள்தான். வழக்கமாக வசிக்கும் இடத்தில்தான் கணக்கெடுப்பார்கள். அந்த நாட்கள் முழுவதும் பிள்ளை வீட்டில் இருந்துவிட்டால், நம் பெயர் அங்கே சேர்ந்துவிடலாம்.

அதற்கு முன்பே நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நம் குடியிருப்பில் உள்ள மூத்தவர்கள் ஒவ்வொருவரும் ஒரு பக்கம் எழுதித் தரலாம்: எந்த வருஷம் வந்தார்கள், எந்த ஊரிலிருந்து வந்தார்கள், முதலில் எந்த வட்டத்தில் இருந்தார்கள், எந்த வருஷம் காலி செய்தார்கள். சுரங்கத்துக்கு முந்தைய கிராமங்களின் பெயர் சொல்லக்கூடியவர்கள் இருந்தால் அதையும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும், அவர்கள் எண்ணிக்கை வேகமாகக் குறைகிறது. எழுத முடியாதவர்களிடம் பேரப் பிள்ளைகள் கேட்டு எழுதலாம். சங்கத்தில் அவற்றை ஒரு கோப்பாகச் சேர்த்து வைத்தால், கணக்கில் விட்டுப்போகும் நெய்வேலி அதில் இருக்கும்.