புகையும் குழாயும்

ஸ்ரீபெரும்புதூருக்கு ஆயிரம் வருஷமாக இருந்து வரும் பெருமை, அது ஸ்ரீ ராமாநுஜர் அவதரித்த ஸ்தலம் என்பது. அங்கிருந்து தெற்கே போனால் வல்லக்கோட்டை முருகன் கோயில். அதையும் தாண்டினால் ஒரகடம். ஏரியும் வயலுமாகக் கிடந்த அந்தச் சீமைக்கு இப்போது வேறொரு பெருமை வந்திருக்கிறது. பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஹூண்டாய்க் கார்கள் வெளிவந்தன. ஒரகடத்திலேயே 2010-ல் ரெனோ-நிஸான் கார்த் தொழிற்சாலையும், 2012-ல் பாரத்பென்ஸ் லாரித் தொழிற்சாலையும், 2013-ல் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையும் திறந்தார்கள். வண்டி செய்கிற ஊர் என்றால் வண்டி ஓடுகிற ஊர் என்றும் அர்த்தம். வண்டலூர்-வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோயில் சாலையும் சந்திக்கும் இடத்தில் அரை மணி நேரம் நின்று பார்த்தால் இது விளங்கும்.

நான் அப்படி நின்றபோது, ஷிப்டு முடிந்து வந்த ஒரு பையன் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னிடம், "புகை நுரையீரலுக்குத்தானே சார் கெடுதல்? எங்கப்பா பீடிகூடத் தொட்டதில்லை. லாரி ஆபீஸில் இருபது வருஷம் இருந்தார். அவருக்கு மார்வலிதான் வந்தது" என்றான்.

"தம்பி, அந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்க உலகத்துக்கு ஒன்றரை நூற்றாண்டு பிடித்தது" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவன் பஸ் வந்துவிட்டது. அவனுக்குச் சொல்ல நினைத்ததை வாசகர்களுக்குச் சொல்கிறேன்.

நம் ரத்தக் குழாய்களின் உட்புறத்தில் ஒரே ஒரு வரிசை உயிரணுக்கள் படிந்திருக்கின்றன. 1865-ல் பாஸல் நகரத்து வில்ஹெல்ம் ஹிஸ் என்ற உடற்கூறு நிபுணர் அதற்கு 'எண்டோதீலியம்' என்று நாமகரணம் செய்தார். பெயர் வைத்ததோடு சரி. ரொம்ப காலம் வரையில் அதைச் சுவருக்கு அடித்த சுண்ணாம்பு மாதிரிதான் நினைத்தார்கள். ரத்தம் ஒழுகாமல் இருக்க ஒரு பூச்சு, அவ்வளவுதான்.

சுண்ணாம்புக்கு உயிர் இருக்கிறது என்று காட்டியவர் அமெரிக்காவில் ராபர்ட் ஃபர்ச்காட். அவரும் பல வருஷம் குழம்பியவர்தான். அஸிடைல்கோலின் என்ற மருந்து உயிருள்ள பிராணியின் ரத்தக் குழாயை விரியச் செய்யும். அதே மருந்தை, முயலின் பெருந்தமனியிலிருந்து வெட்டியெடுத்த துண்டில் விட்டால் துண்டு சுருங்கும்! 1978-ல் அவருடைய உதவியாளர் ஒருவர் பரிசோதனையின் வரிசையை மாற்றிச் செய்துவிட்டார். அன்று துண்டு விரிந்தது. ஃபர்ச்காட் கோபித்துக்கொள்ளவில்லை, யோசித்தார். துண்டு வெட்டும்போது உட்புறத்தைத் தேய்த்துவிட்டால் விரிவதில்லை, தேய்க்காமல் பதனமாக எடுத்தால் விரிகிறது என்று கண்டார். பிறகு ஒரு வேடிக்கை செய்தார். தேய்த்த துண்டையும் தேய்க்காத துண்டையும் முகத்தோடு முகமாகச் சேர்த்து வைத்தார். தேய்த்த துண்டும் விரிந்தது! ஆகவே அந்த ஒற்றை வரிசை ஏதோ ஒரு சரக்கைத் தயார் செய்து அண்டை வீட்டுக்கும் அனுப்புகிறது. 1980-ல் இதை 'நேச்சர்' பத்திரிகையில் எழுதினார்.

சரக்கு என்ன என்று தெரிய மேலும் ஏழு வருஷம் ஆயிற்று. அது நைட்ரிக் ஆக்ஸைடு. சாட்சாத் மோட்டார் வண்டியின் புகைக் குழாயிலிருந்து வருகிற அதே வாயு! விஞ்ஞானிகளே முதலில் நம்பத் தயங்கியதில் ஆச்சரியமில்லை. 1998-ல் ஃபர்ச்காட்டுக்கும், இக்னாரோ, முராட் ஆகிய இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பரிசை ஏற்படுத்திய ஆல்ஃபிரட் நோபலுக்குக் கடைசிக் காலத்தில் மார்வலி. வைத்தியர்கள் சிபாரிசு செய்த மருந்து, அவர் வெடிமருந்தாக விற்றுப் பணம் குவித்த நைட்ரோகிளிஸரின். அது உடம்புக்குள் போய்க் கொடுப்பதும் இந்த வாயுவைத்தான். கதை எழுதுகிற நான் இப்படி ஒரு முடிச்சுப் போட்டால் பத்திரிகாசிரியர் நம்ப மாட்டார்.

நிற்க. உள்ளே நன்மை செய்யும் வாயு வெளியிலிருந்தும் கிடைத்தால் நல்லதுதானே என்று யாரும் எண்ண வேண்டாம். வண்டிப் புகையில் அதோடு கூட வருகிறது கரித்தூள். மயிரிழையின் பருமனில் முப்பதில் ஒரு பங்குக்கும் குறைந்த தூள் அது. நுரையீரலின் கடைசி அறை வரையில் போய் அழற்சியை மூட்டுகிறது. அந்த அமளியில் பிறக்கும் துஷ்ட ஆக்ஸிஜன், உள் வரிசை சுரக்கும் நைட்ரிக் ஆக்ஸைடைப் பிடித்துத் தின்றுவிடுகிறது. விரிய வேண்டிய குழாய் விரிவதில்லை. வழுக்கிப் போக வேண்டிய வெள்ளணுக்கள் சுவரில் ஒட்டுகின்றன. கொழுப்பு உள்ளே புகுகிறது. வருஷக் கணக்கில் நடக்கும் வேலை இது; ஒரு நாள் மார்வலியாக வெளிப்படுகிறது.

சாவுக் கணக்கு முன்பே தெரிந்ததுதான். 1952 டிசம்பரில் லண்டன் நகரைப் புகைமூட்டம் ஐந்து நாள் மூடியதில் நாலாயிரம் பேர் மாண்டதாக அப்போது சொன்னார்கள்; பிற்கால ஆராய்ச்சி அதைப் பன்னிரண்டாயிரம் என்றது. 1993-ல் ஹார்வர்டு நிபுணர்கள் ஆறு அமெரிக்க நகரங்களில் எண்ணாயிரம் பேரைத் தொடர்ந்து கவனித்துக் கணக்கு வெளியிட்டார்கள். சிகரெட் பழக்கத்தைக் கழித்துப் பார்த்தபோதும், தூள் மிகுந்த நகரத்தில் சாவு விகிதம் கால் பங்கு அதிகம். எப்படி என்பதுதான் புதிராக இருந்தது. 2005-ல் எடின்பரோ டாக்டர்கள் ஸ்வீடன் தேசத்தவரோடு சேர்ந்து, ஆரோக்கியமான முப்பது ஆண்களை டீஸல் புகை கலந்த அறையில் ஒரு மணி நேரம் வைத்தார்கள். பல மணி நேரம் கழித்தும் அவர்கள் கையின் ரத்தக் குழாய்கள் சரியாக விரியவில்லை.

அதே எடின்பரோவில் 2017-ல் தங்கத் தூளைச் சுவாசிக்கச் செய்து பார்த்தார்கள். கால் மணி நேரத்தில் தங்கம் ரத்தத்தில் தென்பட்டது. மூன்று மாதம் கழித்தும் இருந்தது. வியாதி கண்ட குழாய்களில் சேர்ந்தும் கிடந்தது. நம் ஜமீன்தார்கள் தங்க பஸ்பம் சாப்பிட்டது ஆயுள் விருத்திக்கு. இது வேறு ரகம்!

இன்னொரு பரிசோதனையைச் சொல்லாவிட்டால் கணக்கு முழுமையாகாது. டீஸல் புகையை ஒரு வடிகட்டி வழியாக விட்டு, தூளை மட்டும் பிடித்துக்கொண்டு, மிச்ச வாயுவைச் சுவாசிக்கக் கொடுத்தபோது குழாய்கள் பழையபடி விரிந்தன. 2011-ல் இது வெளியாயிற்று. குற்றவாளி தூள்தான் என்று ருசுவாகிவிட்டது.

நம் தேசத்தில் 2020 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து பாரத் ஸ்டேஜ் ஆறாம் விதி அமுலில் இருக்கிறது. அதன்படி புதிய டீஸல் லாரிகளின் புகைக் குழாயில் இந்த வடிகட்டி வந்துவிட்டது. ஒரகடத்திலேயே மத்திய சர்க்காரின் மோட்டார் வாகன ஆராய்ச்சி நிலையம் ஒன்று புகையை அளந்து பார்க்கிறது. ஆனால் அந்தச் சாலைச் சந்திப்பில் புதிய லாரி ஒன்று போனால், அதன் பின்னால் வடிகட்டி இல்லாத பழைய லாரிகளும் வருகின்றன. காற்றில் ஒரு கன மீட்டருக்கு வருஷச் சராசரியாக 5 மைக்ரோகிராம் நுண்தூளுக்கு மேல் கூடாது என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். நம் சட்டம் அனுமதிப்பது 40. அந்தப் பையன் ஷிப்டு முடிந்து பஸ்ஸுக்கு நிற்பது இந்த இரண்டு எண்களுக்கும் இடையில்தான்.